அடுக்கு வந்தால் கால்குலேட்டரை மூடுங்கள்: வாசகர் கேள்வி–பதில்

போன இதழில், வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போக எழுதும் ஜிஆர்இ தேர்வின் கணக்குப் பகுதி பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அடுக்குச் சமன்பாடுகளைப் பற்றித்தான். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். அடுக்கை மேலே ஏற்றி அச்சிடுவது பெரிய பாடு, அதனால் ^ குறிக்குப் பிறகு வருவதை அடுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரியாத எண்ணுக்கு 'க' என்று பெயர்.

கேள்வி (கோவை வாசகர், இன்ஜினியரிங் கடைசி ஆண்டு): சார், மாக் டெஸ்டில் 8^(க+1) = 4^(2க−1), க எவ்வளவு என்று வந்தது. 1, 2, 3 என்று போட்டுப் பார்த்தே நான்கு நிமிடம் போய்விட்டது, விடையும் வரவில்லை. திரையில்தான் கால்குலேட்டர் தருகிறார்களே, அதை வைத்துச் சீக்கிரம் போட ஏதாவது வழி இருக்கிறதா? ரஃப் தாளின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: பார்த்தேன் தம்பி. இடது பக்கம் 64, 512, 4096, 32768 என்று இறங்கி வந்திருக்கிறீர்கள், வலது பக்கம் 4, 64, 1024, 16384, அதோடு இரண்டையும் ஒரே கோடாக அடித்துவிட்டீர்கள். இன்னும் ஒரே ஒரு வரி போயிருந்தால் இரண்டு பக்கமும் 262144 வந்திருக்கும், விடை 5. ஆனால் அதற்காக வருத்தப்பட வேண்டாம், கிடைத்திருந்தால்தான் ஆபத்து, இந்த முறையே சரி என்று நினைத்துக்கொண்டு அடுத்த கணக்கிலும் இதையே செய்திருப்பீர்கள். 9^க = 27 என்று வந்தால் என்ன செய்வீர்கள்? விடை 3/2. ஒன்று, இரண்டு, மூன்று என்று விடிய விடியப் போட்டாலும் அகப்படாது.

கேள்வியைத் தயாரிக்கிறவர் 8-ஐயும் 4-ஐயும் சும்மா எடுத்துப் போடவில்லை, இரண்டும் 2-இன் பிள்ளைகள். 8 என்பது 2^3, 4 என்பது 2^2. இடது பக்கம் 2^(3க+3), வலது பக்கம் 2^(4க−2). அடிமானம், அதாவது அடுக்கைச் சுமக்கும் கீழ் எண், ஒன்றாகிவிட்டது, இனி அடுக்குகளைச் சமப்படுத்தினால் போதும்: 3க+3 = 4க−2, க = 5. கை பழகிவிட்டால் அரை நிமிட வேலை. இப்போதைய ஜிஆர்இ-யில் (2023 செப்டம்பரில் தேர்வைச் சுருக்கினார்கள்) கணக்குப் பகுதி இரண்டு, முதலில் 12 கேள்விக்கு 21 நிமிடம், அடுத்து 15 கேள்விக்கு 26 நிமிடம். ஒரு கேள்விக்கு ஒன்றே முக்கால் நிமிடம்கூட முழுசாக இல்லை. நீங்கள் இந்த ஒன்றுக்கே இரண்டு கேள்வியின் நேரத்துக்கு மேல் கொடுத்துவிட்டீர்கள்.

கால்குலேட்டர் விஷயத்துக்கு வருகிறேன். அதில் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் இருக்கின்றன. அடுக்குக்கு என்று பொத்தான் கிடையாது. எட்டு இலக்கத்துக்கு மேல் போனால் காட்டவும் காட்டாது. 2^30 பெரியதா 3^20 பெரியதா என்று கேட்டால் இரண்டுமே பத்து இலக்க எண்கள், அது கையை விரித்துவிடும். நீங்களோ அடுக்கைப் பிரித்து (2^3)^10, (3^2)^10 என்று எழுதிக்கொண்டால் 8^10-ஆ 9^10-ஆ என்பதுதான் கேள்வி. அதற்குக் கால்குலேட்டர் எதற்கு?

கேள்வி (திருநெல்வேலி வாசகி): 2^க + 2^க + 2^க + 2^க = 2^12. அடுக்குகளைக் கூட்டி 4க = 12, க = 3 என்று போட்டேன். ஆப்ஷன்களில் 3 இருந்தது, தைரியமாகக் குறித்தேன். தப்பு என்கிறார்கள். ஏன்?

பதில்: 3 அங்கே இருந்ததே உங்களுக்காகத்தான்! யார் எங்கே சறுக்குவார்கள் என்று தெரிந்து, அந்தச் சறுக்கலில் கிடைக்கும் எண்ணையும் ஒரு விடையாக வைத்துவிடுவார்கள். நம் விடை ஆப்ஷனில் இருப்பதை வைத்து அது சரி என்று நம்பக் கூடாது.

அடுக்குகளைக் கூட்டுவது பெருக்கலுக்கான விதி. இங்கே நடுவில் இருப்பது கூட்டல் குறி. நான்கு மாம்பழத்தை நான்கு மாம்பழம் என்றுதானே சொல்வோம், அதே போல் இது நான்கு 2^க, அதாவது 4 × 2^க. அந்த 4-ஐ 2^2 ஆக்கினால் இப்போதுதான் பெருக்கல் வருகிறது, 2^(க+2) = 2^12, க = 10. சந்தேகமிருந்தால் 3-ஐப் போட்டுப் பாருங்கள், 8+8+8+8 என்பது 32, வலது பக்கமோ 4096.

இதே குடும்பத்தில் இன்னொன்று அடிக்கடி வரும்: 3^(க+2) − 3^க = 648. கழித்தலைப் பார்த்ததும் அடுக்கைக் கழித்து 3^2 என்று எழுதுகிறவர்கள் உண்டு. அப்படியில்லை, சின்ன அடுக்கைப் பொதுக் காரணியாக வெளியே எடுக்க வேண்டும்: 3^க (9 − 1) = 648. ஆக 3^க = 81, க = 4. என்னைக் கேட்டால் அடுக்குக் கணக்கில் மதிப்பெண் போவது விதி தெரியாததால் குறைவு, குறியைப் பார்க்காததால்தான் அதிகம்.

கேள்வி (விழுப்புரம் வாசகி): பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தவள். கணக்கு வரும், ஆங்கிலத்தில் கேள்வியைப் படிக்கும்போதுதான் தடுமாற்றம். அடுக்குக் கணக்குகளில் எந்தச் சொற்களைக் கவனிக்க வேண்டும்?

பதில்: அடிமானம் அங்கே பேஸ், அடுக்கு எக்ஸ்போனென்ட் அல்லது பவர், இவை இரண்டு நாளில் பழகிவிடும். கவனம் வேண்டியது கேள்வியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வரும் சின்னச் சொற்களில்தான். இன்டிஜர் என்றால் முழு எண், அதில் குறை எண்களும் 0-வும் அடக்கம். பாசிட்டிவ் இன்டிஜர் என்றால் 0 வெளியே போய்விடும், நான்-நெகட்டிவ் என்றால் 0 திரும்ப உள்ளே வந்துவிடும்.

இந்த ஒரு சொல்லால் கணக்கே மாறும். 2^ப × 3^த = 12^4 × 18^2, ப + த எவ்வளவு என்று கேட்கிறார்கள். 12-ஐ 2^2 × 3 என்றும் 18-ஐ 2 × 3^2 என்றும் உடையுங்கள். 12^4 என்பது 2^8 × 3^4, 18^2 என்பது 2^2 × 3^4, மொத்தம் 2^10 × 3^8. ப-வும் த-வும் முழு எண்கள் என்று கேள்வியில் இருந்தால் ப = 10, த = 8, விடை 18. ஓர் எண்ணைப் பகா எண்களாக ஒரே ஒரு விதமாகத்தான் உடைக்க முடியும் என்பதால் வேறு வழியே இல்லை. முழு எண் என்ற சொல் இல்லையென்றால்? ப-வுக்கு எதை வேண்டுமானாலும் வைத்து அதற்கேற்ப ஒரு த கண்டுபிடித்துவிடலாம், விடையைத் தீர்மானிக்க முடியாது. தமிழ்வழி என்பதற்காகக் கூச வேண்டாம், இந்தச் சொல்லைத் தாண்டிக்கொண்டு ஓடுகிறவர்களில் கான்வென்ட் பிள்ளைகள்தான் ஜாஸ்தி.

கேள்வி (மதுரை வாசகர்): எந்தெந்த அடுக்குகளை மனப்பாடம் செய்ய வேண்டும்?

பதில்: 2-க்கு 1024 வரை, 3-க்கு 729 வரை, 5-க்கு 625 வரை, அப்புறம் 6^3 = 216, 7^3 = 343. போதும். 343-ஐப் பார்த்ததும் 7 ஞாபகம் வர வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி (சேலம் வாசகர்): அடிமானம் ஒன்றாக இருந்தால் அடுக்கைச் சமப்படுத்தலாம் என்கிறீர்கள். க^5 = க^3 என்று வந்தால் 5 = 3 ஆகிவிடுமே!

பதில்: நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். அந்த விதி 0, 1, −1 ஆகிய மூன்று அடிமானங்களுக்குப் பொருந்தாது. 2, 3 என்று எண் கண்ணுக்கு முன் இருந்தால் பயமில்லை, அடிமானமே தெரியாத எண்ணாக இருந்தால் அந்த மூன்றையும் முதலில் சோதிக்க வேண்டும். இங்கே எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து க^3 (க^2 − 1) = 0 என்று எழுதினால் அதே மூன்று பேரும் விடையாக வந்து நிற்பார்கள்.

இரண்டு அளவுகளை ஒப்பிடச் சொல்லும் கேள்விகளில் இது அடிக்கடி வரும். க^4 = 81, ஏ பக்கம் க, பி பக்கம் 3. இரண்டும் சமம் என்று குறிக்கக் கை துடிக்கும். −3-ஐ நான்கு முறை பெருக்கினாலும் 81-தான், ஆகவே விடை டி, தீர்மானிக்க முடியாது. அதுவே க^3 = 27 என்றிருந்தால் 3 மட்டும்தான், கண்ணை மூடிக்கொண்டு சமம் என்று குறிக்கலாம்.