வீட்டு மாடிச் சூட்டைக் குறைக்க எந்த இன்சுலேஷன் பொருள் நல்லது?

உங்களுடையது கான்கிரீட் தளம் போட்ட மாடி அறை, இரவு 11 மணிக்கும் மேற்கூரை அனல் கக்குகிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மன்னார்குடிப் பக்கம் நானும் அப்படி வெந்தவன்தான்.

பொருளை விடுங்கள். தளத்துக்கு மேலே போடப் போகிறீர்களா, கீழேயா? அதை முதலில் முடிவு செய்யுங்கள். நான் அதை யோசிக்காமல் 38,000 ரூபாயைத் தொலைத்தேன்.

2017-இல் மாடியில் ஓர் அறை கட்டினேன். பங்குனி பிறந்ததுமே அடுப்பங்கரை போல் ஆகிவிட்டது. மனைவியின் அண்ணன் 15 வருடம் வளைகுடாவில் இருந்தவர். "மாப்பிள்ளை, கிளாஸ் வூல் வைத்து ஜிப்சம் போர்டு அடித்துவிடுங்கள்" என்றார். அவர் சொல்லி நான் மறுக்கவா? தளத்துக்குக் கீழே அந்தக் கண்ணாடி இழைப் பஞ்சைப் பரப்பிப் போர்டால் மூடினேன். முதல் கோடையில் பலன் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் தென்னை ஒன்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்தது. தளத்தில் மயிரிழை விரிசல். போர்டு மறைத்திருந்ததால் கசிவு கண்ணில் படவில்லை, வாடைதான் வந்தது. தை மாதம் போர்டு தொப்பை போட்டுத் தொங்கியது. பிரித்துப் பார்த்தால் மழையில் நனைந்த மெத்தை போல் பஞ்சு. ஒரு மூலையில் எலி குடித்தனம் நடத்திக் குட்டியும் போட்டிருந்தது. பஞ்சை வாரிய கை இரண்டு நாள் அரித்தது.

கிளாஸ் வூலில் சூட்டைத் தடுப்பது இழைகளுக்கு நடுவே சிக்கியிருக்கும் காற்று. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால் தடுப்பு போயிற்று. ஐப்பசி அடைமழை பெய்கிற ஊரில் ஓதம் தாங்காத பஞ்சு எதற்கு? பொறியாளர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நாள் முழுவதும் ஏசி ஓடும் அறைக்கு உட்பக்கம் போடுவதில் நியாயம் உண்டு. மச்சான் பார்த்த ஊர் அப்படிப்பட்டது. என் அறையில் ஓடுவது மின்விசிறி.

எங்களைப் போன்றவர்களுக்கு மேலே போடுவதுதான் சரி. வெயில் தளத்தில் இறங்கிவிட்டால் பகலெல்லாம் குடித்த சூட்டைக் கான்கிரீட் இரவில் நம் தலைமேல் இறக்கும். அதற்கு முன்பே மறிக்க வேண்டும். ஓர் அங்குலத் தெர்மாகோல் தடுக்கும் சூட்டைத் தடுக்கக் கான்கிரீட் ஏறக்குறைய 40 அங்குலம் வேண்டும். ஆனால் தெர்மாகோல் தீப்பிடிக்கும். கூரைக்கடியில் திறந்தபடி ஒட்டாதீர்கள். கையில் காசிருந்தால் தண்ணீர் குடிக்காத எக்ஸ்பிஎஸ் பலகையை (தெர்மாகோல் இனத்து நெருக்கமான நுரைப் பலகை) நீர்க்காப்புப் பூச்சின்மேல் பரப்பி, அதன்மேல் கான்கிரீட்டும் வெள்ளை ஓடும் போடலாம்.

மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போடச் சொல்வார்கள். சுகம்தான். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைக் கொண்டுபோன பள்ளித் தீயில் கீற்றுக் கூரையும் எரிந்தது. எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் பழைய வீட்டில் நாட்டு ஓடும் முற்றமும் இருந்தன. கத்திரியிலும் கூடத்தில் தூங்கலாம். அதை இடித்தபோது நான்கு தேக்குத் தூண்களையும் என் தம்பி பழம்பொருள் வியாபாரியிடம் விற்றுவிட்டான். லாரி போன பிறகுதான் எனக்குத் தெரியும். பங்கு கேட்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பா குறுவை, சம்பா மூட்டைக் கணக்கைக் கரிக்கட்டையால் எழுதுகிற தூண் அதில் ஒன்று. தீபாவளிக்கு வந்தவன் "மேலே ஏன் இவ்வளவு புழுக்கம்?" என்கிறான்!

சரி. கடைசியில் நான் செய்தது, விரிசலை அடைத்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கியை 3 அங்குலம் போட்டு, மேலே தட்டோடு பதித்ததுதான். பலகை அளவுக்குத் தடுக்காது என்று தெரியும். என் பணத்துக்கு அதுதான் வந்தது. ஆண்டுதோறும் மாசியில் அதன்மேல் சுண்ணாம்பு அடிக்கிறேன். வெள்ளை நிறம் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பிவிடுகிறது. இப்போது 10 மணிக்கே தூக்கம் வருகிறது.

சுருக்கியைக் கட்டையால் அடித்து இறுக்கும் நாள்களில் மாடியை விட்டு இறங்காதீர்கள். நான் டீ வாங்கப் போன அரை மணி நேரத்தில் வடகிழக்கு மூலையை அடிக்காமலேயே ஓடு பதித்துவிட்டார்கள். ஒவ்வொரு மழைக்கும் அங்கே தண்ணீர் தேங்குகிறது. துடைப்பத்தோடு நான்தான் ஏற வேண்டியிருக்கிறது.