‘நரம்புத் தளர்ச்சி’ என்று எழுதிய சீட்டு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தாத்தாவின் பழைய காகிதங்களில் 1930-களைச் சேர்ந்த ஒரு மருத்துவச் சான்றிதழ் கிடைத்தது. ‘நியூரஸ்தீனியா, மூன்று மாத ஓய்வு தேவை’ என்று எழுதியிருக்கிறது. அது என்ன நோய்? எங்களுக்கும் வருமா?

பதில்: கிரேக்கத்தில் ‘நியூரோன்’ நரம்பு, ‘அஸ்தீனியா’ வலுவின்மை. நாம் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சொல்வது ஏறக்குறைய இதையேதான். இதை ஒரு நோயின் பெயராக ஊரறியச் செய்தவர் நியூயார்க்கின் நரம்பியல் மருத்துவர் ஜார்ஜ் மில்லர் பியர்ட். 1869-இல் பாஸ்டனிலிருந்து வந்த மருத்துவ இதழில் எழுதினார். அதே ஆண்டு, மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ மனநலக் காப்பகத்தை நடத்திவந்த எட்வின் வான் டியூசனும் அதே பெயரில் ஒரு கட்டுரை வெளியிட்டார். வேடிக்கை என்னவென்றால், பியர்ட் பார்த்தவர்கள் நகரத்தில் மூளையைக் கசக்கிப் பிழைத்த படிப்பாளிகளும் வணிகர்களும். வான் டியூசன் பார்த்தவர்களில் முக்கியமானவர்கள் பேச்சுத்துணைகூட இல்லாமல் பண்ணை வீடுகளில் உழன்ற விவசாயிகளின் மனைவியர். நோய் பிறந்த வருடத்திலேயே அதற்கு இரண்டு முகம்.

சோர்வு, தலைவலி, தூக்கமின்மை, செரிமானக் கோளாறு, எரிச்சல், கவனச் சிதறல், பாலியல் தளர்ச்சி என்று பியர்டின் பட்டியல் நீண்டுகொண்டே போகும். கொட்டாவி விடுவதும் இடி மின்னலுக்கு அஞ்சுவதும்கூட அதில் உண்டு. ஆகவே அந்தச் சான்றிதழ் சொல்வது ஒன்றுதான்: உங்கள் தாத்தா களைத்துப் போயிருந்தார், பரிசோதித்த மருத்துவருக்குக் காரணம் பிடிபடவில்லை. இந்தப் பெயர் பரம்பரையாக இறங்காது. அதன் அடியில் ஒளிந்திருந்தது மனச்சோர்வா, தைராய்டா, காசநோயா என்பது வேறு விஷயம். அதைக் கடைசிக் கேள்வியில் பார்ப்போம்.

கேள்வி: அப்படியானால் நரம்பு உண்மையில் தளர்ந்துதான் போயிருந்ததா?

பதில்: நுண்ணோக்கியில் எதுவும் தெரியவில்லை. இது பியர்டுக்கும் தெரியும். கண்ணுக்குப் புலப்படாத வேதியியல் இழப்பு ஒன்று நரம்பில் நடக்கிறது, விஞ்ஞானம் வளர்ந்தால் அது தெரியவரும் என்று நம்பினார். அவர் சொன்ன உவமைதான் நின்றது: உடம்பில் நரம்பாற்றல் ஓர் அளவு இருப்பு, செலவு மிஞ்சினால் ஆள் திவால். எடிசனின் மின்விளக்கு புதிதாக வந்திருந்த காலம் அது. ஒரே இயந்திரத்தில் விளக்குகளைக் கூட்டிக்கொண்டே போனால் எல்லாம் மங்குவதைப்போல, நவீன வாழ்க்கை மனிதனின் மேல் விளக்குகளை அடுக்குகிறது என்று 1881-இல் எழுதினார். கேட்பதற்குக் கச்சிதமான உவமை. கச்சிதமாக இருந்ததாலேயே யாரும் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

தமிழில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. ‘நரம்பில் ஊசி போட்டார்கள்’ என்கிறோம். ஊசி போவது ரத்தக்குழாயில், அதாவது சிரையில். கையில் புடைத்துத் தெரிவதும் சிரைதான். அதைக் காட்டி ‘நரம்பு தளர்ந்துவிட்டது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நரம்பு உண்மையாகவே கெட்டால் அடையாளம் வேறு: பாதத்தில் தொடங்கி மேலேறும் மதமதப்பு, எரிச்சல், செருப்பு கழன்றதுகூடத் தெரியாமை, இருட்டில் தள்ளாட்டம். நரம்புக் கடத்தல் சோதனையில் பெரும்பாலும் அது அளவாகவே தெரிந்துவிடும். வெறும் சோர்வில் அந்தச் சோதனை இயல்பாகவே வரும்.

கேள்வி: ‘அமெரிக்கனைட்டிஸ்’ என்று ஒரு நோய் இருந்ததாமே, நிஜமா?

பதில்: நிஜம். இதே நியூரஸ்தீனியாவின் செல்லப்பெயர். அந்தப் பெயரில் ரெக்ஸால் என்ற அமெரிக்க மருந்து நிறுவனம் ஒரு மருந்துத் தண்ணீரையே விற்றது.

கேள்வி: இது பணக்காரர்களின் நோய் என்று படித்தேன். நோய் ஆளைப் பார்த்தா வரும்?

பதில்: நோய் பார்க்காது, பெயர் பார்க்கும். பியர்ட் சொன்ன ஐந்து காரணங்கள்: நீராவி ஆற்றல், பத்திரிகைகள், தந்தி, விஞ்ஞானம், பெண்கள் மூளையைப் பயன்படுத்துவது. (ஐந்தாவதைப் பற்றி அடுத்த கேள்வியில்.) நாகரிகம் முற்றிய இடத்தில்தான் இது வரும் என்றார். அதனால் நோயாளிக்கு வெட்கத்துக்குப் பதில் ஒரு பெருமிதம் கிடைத்தது. பைத்தியம் என்ற சொல்லுக்கு அஞ்சியவர்கள் ‘நரம்பு’ என்ற சொல்லுக்குள் கௌரவமாக ஒதுங்கினார்கள். அதே புகாரோடு ஒரு கூலித் தொழிலாளி வந்தால் சோம்பல் என்றோ குடி என்றோ எழுதுவது எளிதாக இருந்தது.

முதல் உலகப்போரில் இது அப்பட்டமாகவே தெரிந்தது. பிரிட்டிஷ் படையில் குண்டு அதிர்ச்சியால் நிலைகுலைந்த அதிகாரிக்குப் பெரும்பாலும் ‘நியூரஸ்தீனியா’. சாதாரணச் சிப்பாய்க்கு ‘ஹிஸ்டீரியா’. ஸ்காட்லாந்தின் எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனை அதிகாரிகளுக்கென்றே இயங்கியது. கவிஞர் சீக்ஃப்ரீட் சசூன் 1917-இல் அங்கேதான் அனுப்பப்பட்டார். காலனி நாடுகளுக்கு வேலைக்கு வந்த வெள்ளையருக்காக ‘வெப்பமண்டல நியூரஸ்தீனியா’ என்று தனியாக ஒன்றும் புறப்பட்டது. வெயில்தான் குற்றவாளி, தனிமையும் மதுவும் வேலை மேல் வெறுப்பும் கணக்கில் வராது.

கேள்வி: ‘ஓய்வு சிகிச்சை’ என்றால் வீட்டில் படுத்து எழுவதுதானே? அதை ஏன் கொடுமை என்கிறார்கள்?

பதில்: எப்படி நடந்தது என்று தெரிந்தால் கேட்கமாட்டீர்கள். அதை வகுத்தவர் ஃபிலடெல்ஃபியாவின் நரம்பியல் மருத்துவர் சைலஸ் வீர் மிட்செல். 1877-இல் இதற்கென ஒரு நூலே எழுதினார். நரம்புக்குக் கொழுப்பும் ரத்தமும் ஏற்ற வேண்டும் என்பது அவர் கணக்கு. ஆறு முதல் எட்டு வாரம் படுக்கை. குடும்பத்தார் பார்க்கக் கூடாது, செவிலி மட்டும் உடனிருப்பார். சிலருக்கு முதல் நான்கைந்து வாரம் உட்காரவும், தைக்கவும், எழுதவும், படிக்கவும் தடை. கையால் செய்ய அனுமதித்த ஒரே வேலை பல் துலக்குவது!

உணவு பாலில் தொடங்கும். இரண்டு மணி நேரத்துக்கொருமுறை மூன்று நான்கு அவுன்ஸ், அதாவது சுமார் 100 மில்லி, ஆடை நீக்கிய பால். நான்கு நாள் கழித்து லேசான காலை உணவு, பிறகு மதியம் ஆட்டிறைச்சித் துண்டு, அடுத்து மூன்று வேளை ரொட்டியும் வெண்ணெயும். பத்து நாளுக்குள் மூன்று முழுச் சாப்பாடு, அதற்கு மேல் நாளைக்கு மூன்று நான்கு பைண்ட் (சுமார் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர்) பால். அசையாமல் கிடந்தால் தசை வற்றும் என்பது மிட்செலுக்குத் தெரியாமல் இல்லை. அதற்காகத்தான் தினமும் உடம்பு பிடித்துவிடுதலும், மின்சாரம் பாய்ச்சித் தசையைத் துடிக்கவைத்தலும்.

எடை குறைந்து எலும்பாகிப் போனவர்கள் சிலர் தேறினார்கள். அது உண்மை, அதை மறைக்கத் தேவையில்லை. பட்டினி கிடந்த உடம்புக்குச் சோறு கிடைத்தால் தேறத்தான் செய்யும். கோளாறு எங்கே என்றால், மனச்சோர்வில் இருந்தவருக்கும் இதே மருந்து. படுத்தே கிடப்பது தூக்கத்தின் ஒழுங்கைக் கெடுக்கும், எழுந்தால் தலை சுற்றும், வேலையில்லாத மூளை கவலையையே மெல்லும். நோயாளி முனகினால் அதையே நோயின் அறிகுறியாக எழுதிக்கொள்ளலாம். 1887-இல் மிட்செலிடம் போன அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன், நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மூளைக்கு வேலை தரக்கூடாது, பேனாவையும் தூரிகையையும் உயிருள்ளவரை தொடக்கூடாது என்ற உத்தரவோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். சில மாதம் கடைப்பிடித்துப் பித்துப் பிடிக்கும் விளிம்புவரை போன பிறகு உத்தரவைத் தூக்கியெறிந்துவிட்டு எழுத உட்கார்ந்தார். 1892-இல் வந்த அவரது ‘மஞ்சள் சுவர்த்தாள்’ சிறுகதை அதன் விளைவு.

ஆண்களுக்கு மிட்செல் சொன்ன வைத்தியம் வேறு. மேற்கே போ, குதிரை ஏறு, வேட்டையாடு, திரும்பி வந்து அதை எழுது! ஒரே நோய், ஒரே வைத்தியர்.

கேள்வி: அந்தக் காலத்தில் மருந்து ஏதும் கொடுத்தார்களா?

பதில்: முக்கியமானது பொட்டாசியம் புரோமைடு. படபடப்பைத் தணித்துத் தூக்கம் தரும். ஆனால் புரோமைடு உடம்பை விட்டு எளிதில் போகாது. பாதி அளவு வெளியேறவே சுமார் 12 நாள் ஆகும். தினம் குடித்தால் நேற்றையதன் மேல் இன்றையது ஏறும். சில வாரத்தில் மறதி, மந்தம், நடையில் தள்ளாட்டம், முகத்தில் பருக்கள், முற்றினால் பிரமை. ‘நரம்பு இன்னும் தளர்ந்துவிட்டது’ என்று அளவைக் கூட்டினால் கேட்கவே வேண்டாம். சிறுநீரகம் புரோமைடையும் உப்பிலுள்ள குளோரைடையும் ஒன்றுபோலவே நடத்துவதால், உப்புக் குறைத்துச் சாப்பிட்டவருக்கு நஞ்சு இன்னும் வேகமாகச் சேர்ந்தது. மாற்று மருந்தும் அதனாலேயே எளிது: உப்பும் தண்ணீரும்.

மின் சிகிச்சைக்குப் பியர்டும் அவருடைய கூட்டாளி ராக்வெல்லும் பெயர்போனவர்கள். நோயாளியின் வெறுங்கால் செம்புத் தகட்டின் மேல் இருக்கும். மின்னோட்டத்தின் மறுமுனையை ஈரப் பஞ்சாலோ மருத்துவர் தம் கையாலோ உடம்பெங்கும் நகர்த்துவார்கள். தீர்ந்த மின்கலத்துக்கு மின்னேற்றும் அதே கணக்கு!

கேள்வி: இந்தப் பெயரை எப்போது நீக்கினார்கள்?

பதில்: ஒரே நாளில் நீக்கவில்லை, கழுதை தேய்ந்து கட்டெறும்பாக ஆனது. 1895-இல் ஃபிராய்ட் பதற்ற நோயைத் தனியே பிரித்தெடுத்தார். 1903-இல் பிரெஞ்சு உளவியலாளர் பியேர் ஜானே எண்ணச் சுழற்சி உள்ளவர்களைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். மனச்சோர்வுக்குத் தெளிவான இலக்கணம் வந்ததும் இன்னொரு பெரும் பங்கு போயிற்று. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 1968-ஆம் ஆண்டுப் பதிப்பில் இருந்தது, 1980-ஆம் ஆண்டுப் பதிப்பில் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய்ப் பட்டியலில் எஃப் 48.0 என்ற எண்ணோடு நீடித்தது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பதினோராவது பட்டியலில் தனிநோயாக இடமில்லை.

சீனாவில் கதை வேறு. ‘ஷென்ஜிங் ஷுவாய்ருவோ’ என்ற பெயரில் இது அங்கே சர்வசாதாரணம். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஆர்தர் கிளைன்மன் ஹுனான் மருத்துவக் கல்லூரியில் இப்படிப் பெயரிடப்பட்ட 100 பேரைப் பரிசோதித்தபோது, 87 பேருக்கு மனச்சோர்வு நோயின் இலக்கணம் பொருந்தியது. அந்த மருத்துவர்கள் தவறிவிட்டார்கள் என்று சொல்வது எளிது. மனநோய் என்ற முத்திரை ஒருவரின் வேலையையும் கல்யாணத்தையும் பறிக்கும் இடத்தில், நரம்பின் மேல் பழியைப் போடுவது நோயாளிக்குப் பாதுகாப்பாகவும் இருந்தது.

கேள்வி: இன்றைய நாட்பட்ட சோர்வு நோயும் ‘பர்ன் அவுட்’டும் பழைய கள் புதிய மொந்தைதானா?

பதில்: பர்ன் அவுட்டுக்கு ஓரளவு பொருந்தும். அதை உலக சுகாதார நிறுவனம் நோயாகக் கணக்கிடவில்லை, வேலை சார்ந்த நிலை என்றே குறிக்கிறது. நாட்பட்ட சோர்வு நோயை இதனோடு சேர்ப்பது தவறு. அதற்கென்று ஓர் அடையாளம் உண்டு: சின்ன உழைப்புக்குப் பின், பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் தாமதித்து, உடம்பு மொத்தமாகப் படுத்துவிடும். அமெரிக்காவின் ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்’ அமைப்பின் 2015 வரையறைப்படி ஆறு மாதமாவது முடக்கும் சோர்வு, இந்தப் பின்சரிவு, தூங்கி எழுந்தும் தீராத களைப்பு ஆகிய மூன்றும் வேண்டும். கூடவே சிந்தனை மங்கலோ, நிற்கும்போது உடல் தாங்காமையோ இருக்க வேண்டும். ‘கொஞ்சம் கொஞ்சமாக உடற்பயிற்சியைக் கூட்டு’ என்ற பழைய அறிவுரையைப் பிரிட்டனின் வழிகாட்டுதல் 2021-இல் கைவிட்டது. மிட்செல் எல்லோரையும் படுக்கவைத்தார், பின்னால் வந்தவர்கள் எல்லோரையும் ஓடவைத்தார்கள்.

கேள்வி: எப்போதும் அசதி. மருந்துக்கடையில் ‘நரம்பு வீக்’ என்று சத்து ஊசி போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: போடுவதற்கு முன் ரத்தம் கொடுங்கள். ஊசி போட்டபின் எடுத்தால் பி12 அளவு ஏறித்தான் காட்டும், குறைபாடு இருந்ததா என்று தெரியாமலே போகும். ஹீமோகுளோபின் இயல்பாக இருந்தாலும் ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சத்து இருப்பு) குறைந்திருக்கலாம், இரண்டும் பாருங்கள். டி.எஸ்.எச். (தைராய்டுச் சோதனை), சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், கால்சியம் போதும், முதல் சுற்றுக்கு. நெடுநாள் மெட்ஃபார்மின் (சர்க்கரை நோய் மாத்திரை) சாப்பிடுபவருக்குப் பி12 குறையலாம். சளி, அரிப்பு மாத்திரைகளும் ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் பீட்டா தடுப்பிகளும் தாமே அசதி தரும். குறட்டையும் காலைத் தலைவலியும் சேர்ந்திருந்தால் தூக்கத்தில் மூச்சடைப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லையா, மனம் தாழ்ந்தே கிடக்கிறதா என்பதையும் நேர்மையாகச் சொல்லுங்கள்.

‘நரம்புச் சத்து’ மாத்திரையில் ஒரு விபரீதம்: அதிலுள்ள பி6 அதிக அளவில், குறிப்பாக நாளைக்கு 100 மில்லிகிராமுக்கு மேல், மாதக்கணக்கில் போனால் நரம்பையே கெடுத்து மதமதப்பு உண்டாக்கும். குறைந்த அளவிலும் சிலருக்கு நேர்ந்திருக்கிறது. சிறுநீர் மஞ்சளாகப் போவது சத்து ஏறியதன் அடையாளம் என்று நினைக்காதீர்கள். மிஞ்சிய ரைபோஃபிளேவின் (பி2 வைட்டமின்) வெளியே போகிறது. எடைக் குறைவு, விடாத காய்ச்சல், இரவு வியர்வை, மூச்சிரைப்பு இருந்தால் கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் போங்கள். ஒரு பக்கக் கைகால் பலவீனமோ உயிரை விட்டுவிடும் எண்ணமோ இருந்தால் அன்றைக்கே.

கேள்வி: மருத்துவமனைப் படிவத்தில் ‘குடும்ப நோய் வரலாறு’ என்ற இடத்தில் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று எழுதலாமா? (முதல் கேள்வி கேட்டவரே)

பதில்: எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. பெயரை விட்டுவிட்டு, தெரிந்ததை எழுதுங்கள். எந்த வயதில் வந்தது, எத்தனை மாதம் வேலைக்குப் போகவில்லை, மெலிந்தாரா, இருமினாரா, கழுத்து வீங்கியிருந்ததா, தூங்கினாரா, பேசாமல் ஒதுங்கினாரா, மறுபடி வந்ததா. மீண்டும் மீண்டும் வந்து போயிருந்தால் அதை அடிக்கோடிட்டு எழுதுங்கள். மனச்சோர்வும் இருமுனை நோயும் அப்படித்தான் வந்துபோகும், அவை குடும்பங்களில் தொடர்வதும் உண்டு. வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால் இந்த வாரமே கேட்டுவிடுங்கள். சான்றிதழைப் பிரதி எடுத்துக் கோப்பில் வைத்தால் போதும்.