டீச்சர் பதில்கள்: அந்த ஒரு ‘இல்லீங்க’

கேள்வி: என் மகளுக்கு ‘தி குரூசிபிள்’ என்ற நாடகம் பாடமாக வந்திருக்கிறது. சேலத்தில் நடந்த சூனியக்காரி வழக்கு என்கிறாள். நம்ம சேலமா டீச்சர்? — வாசகர், சங்ககிரி

பதில்: இருபத்தெட்டு வருஷம் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தினேன். இந்த நாடகத்தை எடுக்கும் முதல் நாளில் இந்தக் கேள்வி வராமல் இருந்ததில்லை. ஒருத்தி, “ஏற்காடு அடிவாரத்திலா மிஸ்?” என்றே கேட்டாள். இது அமெரிக்காவில், மாசசூசெட்ஸில் இருக்கும் சேலம். அமைதி என்று பொருள்படும் எபிரேயச் சொல்லில் இருந்து வந்த பெயர். அந்த அமைதியான ஊரில்தான் 1692-இல் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மேல் சூனியப் பழி விழுந்தது. 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். எரித்தார்கள் என்று பரீட்சையில் எழுத வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். அங்கே யாரையும் எரிக்கவில்லை.

கேள்வி: அதே நாடகம்தான். கணவன் வேலைக்காரப் பெண்ணோடு தப்பு செய்தான். அதைக் கோர்ட்டிலேயே ஒப்புக்கொண்டான். மனைவியோ அப்படி எதுவும் இல்லை என்று பொய் சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிட்டாள். உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? எங்கள் வீட்டில் இதை வைத்து ஒரு வாரமாகச் சண்டை. — வாசகி, பெருந்துறை

பதில்: நல்ல சண்டை, நடக்கட்டும். படிக்காதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜான் பிராக்டர் ஒரு பண்ணயக்காரர். வீட்டு வேலைக்கு வந்த அபிகெயிலோடு தவறிவிட்டார். மனைவி எலிசபெத்துக்குத் தெரிந்ததும் அந்தப் பெண்ணை நிறுத்திவிட்டார். அப்புறம் ஊரில் பெண் பிள்ளைகள் பேய் பிடித்தமாதிரி விழுந்து, இன்னார்தான் சூனியம் வைத்தார் என்று கை நீட்ட ஆரம்பிக்கிறார்கள். அபிகெயிலின் கை எலிசபெத் பக்கம் திரும்புகிறது. வீட்டில் ஊசி குத்திய ஒரு துணிப்பொம்மையைக் கண்டெடுக்கிறார்கள். நம் பக்கமாக இருந்தால் செப்புத் தகடு.

மனைவியைக் காப்பாற்ற பிராக்டர் தன் மானத்தையே கோர்ட்டில் போட்டு உடைக்கிறார். “இவள் என்னோடு இருந்தவள், அந்த வஞ்சத்தில் பேசுகிறாள்” என்கிறார். என் மனைவிக்குப் பொய் சொல்லவே வராது, அவளைக் கேளுங்கள் என்றும் சொல்கிறார். நீதிபதி டான்ஃபோர்த் அவரையும் அபிகெயிலையும் முதுகு காட்டி நிற்கச் சொல்லிவிட்டு எலிசபெத்தைக் கூப்பிடுகிறார். எலிசபெத்துக்கு உள்ளே நடந்தது எதுவும் தெரியாது. புருஷன் முகத்தைப் பார்க்கவும் விடவில்லை. உன் கணவன் ஒழுக்கம் கெட்டவனா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்கிறார்.

1986-இல் எங்கள் கல்லூரி விழாவில் இந்த ஒரு காட்சியை மட்டும் தமிழில் போட்டோம். ‘நோ, சார்’ என்பதை எப்படிச் சொல்ல வைப்பது என்று இரண்டு நாள் மண்டையைக் குழப்பிக்கொண்டேன். ‘இல்லை ஐயா’ என்றால் பாடப்புத்தகம் மாதிரி இருந்தது. எலிசபெத்தாக நடித்தவள் கோபிப் பக்கத்துப் பெண். மூன்றாம் நாள் ஒத்திகையில், தாளைப் பார்க்காமல், தலையைக் குனிந்துகொண்டு “இல்லீங்க” என்றாள். அதையே வைத்துக்கொண்டோம். விழா அன்று அந்தச் சொல் வந்ததும் பின்வரிசையில் இருந்த அம்மாக்கள் எல்லாரும் ‘ச்சூ’ கொட்டினார்கள். “அடப் பாவி மவளே!” என்று ஒரு குரல்கூட எழுந்தது.

ஆக உங்கள் கட்சிக்கு அன்றே ஆள் இருந்தது. ஆனால் நான் எலிசபெத் கட்சி. இரண்டாம் அங்கம் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். வயலில் இருந்து வரும் பிராக்டர் அடுப்பில் இருக்கும் முயல் குழம்பை ருசி பார்க்கிறார். பிடிக்கவில்லை. யாரும் பார்க்காதபோது உப்பைப் போட்டுவிடுகிறார். மனைவி பரிமாறியதும், நன்றாக இருக்கிறது என்கிறார். எலிசபெத்துக்கும் முகம் மலர்ந்துவிடுகிறது. ஒருவர் மனம் நோகாமல் இருக்க இன்னொருவர் பொய் சொல்வது அந்த வீட்டில் உப்பிலேயே ஆரம்பித்துவிட்டது. கோர்ட்டில் எலிசபெத் சொன்னதும் அதே ஜாதிப் பொய்தான். வீட்டுக்குள் செல்லுபடியான காசு வெளியே செல்லவில்லை.

கண்ணகியை நினைத்துக்கொள்வீர்கள் என்று தெரியும். அங்கேயும் புருஷன் வேறொருத்தியிடம் போனவன், அங்கேயும் பொய்ப் பழி. ஆனால் கண்ணகி கையில் ஒரு சிலம்பு இருந்தது. உடைத்தால் மாணிக்கம் தெறித்து உண்மை தெரிந்துவிடும். எலிசபெத்திடம் உடைத்துக் காட்ட என்ன இருந்தது?

கேள்வி: இதெல்லாம் நிஜமாக நடந்ததா? — வாசகர், உடுமலை

பதில்: வழக்கு நிஜம். கள்ள உறவு நாடகத்தை எழுதிய ஆர்தர் மில்லர் சேர்த்தது. நிஜ அபிகெயிலுக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ வயது, பாதிரியார் பாரிஸ் வீட்டில் இருந்த உறவுப் பிள்ளை. நிஜ பிராக்டருக்கு அறுபது வயதுபோல இருக்கும், எலிசபெத் அவருக்கு மூன்றாம் தாரம். எலிசபெத் கர்ப்பமாக இருந்ததால் தூக்கு தள்ளிப்போய் உயிர் தப்பினார். பிராக்டரை 1692 ஆகஸ்ட் 19 அன்று தூக்கிலிட்டார்கள்.

நாடகம் மேடையேறியது 1953 ஜனவரியில், நியூயார்க்கில். ‘நீ கம்யூனிஸ்டா, உன்னோடு யார் யார்’ என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஆட்களைக் கூப்பிட்டு விசாரித்த காலம். 1956-இல் மில்லரையே கூப்பிட்டார்கள். மற்றவர்கள் பெயரைச் சொல்ல மறுத்தார். 1957-இல் குற்றவாளி என்று தீர்ப்பு, அடுத்த வருஷம் அது ரத்தானது. நாடகம் எழுதும்போது தன் மணவாழ்க்கை ஆட்டம் கண்டிருந்ததாகவும் பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார்.

எனக்கு அவர்மேல் ஒரு கோபம் உண்டு. அறுபது வயதுக்காரரை முப்பதுகளுக்கு இறக்கி, பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பதினேழுக்கு ஏற்றி, மயக்குக்காரி ஆக்கிவிட்டார். ஒரு ஊரே சேர்ந்து செய்த அநியாயத்துக்கு ஒரு சின்னப் பெண்ணின் ஆசை காரணமாகிவிட்டது. நாடகத்துக்கு நல்லது, அந்தப் பிள்ளைக்கு நல்லதில்லை.

கேள்வி: எங்களுக்கும் மச்சாண்டார் குடும்பத்துக்கும் வண்டித்தடத் தகராறு. போன மாதம் அவர்கள் எருமை செத்துப்போனது. கிளுவை வேலி ஓரத்தில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் கிடந்ததாம். நான்தான் வைத்தேன் என்று ஓரகத்தி ஊரெல்லாம் சொல்கிறார். என் வீட்டுக்காரர் வாயே திறப்பதில்லை. — பெயர் வேண்டாம், தாராபுரம் பக்கம்

பதில்: எலுமிச்சம்பழத்தைப் பற்றி யாரிடமும் வாதாட வேண்டாம் அம்மிணி. தடத்தைப் பேசுங்கள். பணம் கட்டி மனுக் கொடுத்தால் சர்வேயர் வந்து அளந்து கல் காட்டிவிடுவார். சேலம் நாடகத்திலும் பேய்க் கூச்சலுக்கு அடியில் நிலம்தான் கிடக்கிறது. கைல்ஸ் கோரி என்ற கிழவர் குற்றத்தை ஒப்பவும் மறுக்கவும் மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டார்; நெஞ்சில் கல்லை அடுக்கியே கொன்றார்கள். பூமி பிள்ளைகளுக்குப் போகட்டும் என்றுதான் அவர் பேசவில்லை என்று நாடகம் சொல்கிறது. பேச்சு முற்றி யாராவது கை வைக்க வந்தால் 181-ஐக் கூப்பிடுங்கள், போலீசுக்கும் போங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் ஏன் பேசுவதில்லை? அண்ணனிடம் கைமாற்று ஏதும் வாங்கியிருக்கிறாரா? வேறு ஏதாவது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறதா? சர்வேயர் மனுவுக்கு முன்னால் இதைத் தனியாகக் கேளுங்கள். காரணமாகத்தான் சொல்கிறேன்.

எங்கள் பெரியம்மா மேலும் இதே பழி விழுந்தது. பங்காளி வீட்டுக் கட்டுத்தரையில் பால்மாடு செத்தது. பூசாரி உடுக்கை அடித்துக் கிழக்குப் பக்கம் கை காட்டினார். கிழக்கே பெரியம்மா வீடு. நிஜத் தகராறு கிணற்றுப் பங்கு. அந்த ராத்திரி எங்கே இருந்தாய் என்று கூட்டத்தில் கேட்டார்கள். “வீட்டுலதானுங்க, அவரும் இருந்தாருங்க” என்றார் பெரியம்மா. பெரியப்பா அன்று இன்னொரு ஊரில், இன்னொரு வீட்டில் இருந்தார். பெரியம்மாவுக்கு அது தெரியும். அந்த வீட்டு வாசலில் அவர் சைக்கிளைப் பார்த்த ஆள் ஒருவர் கூட்டத்திலேயே உட்கார்ந்திருந்தார். இதில் பொய் சொல்கிறவள் அதையும் செய்திருப்பாள் என்று முடிவாகிவிட்டது. பெரியப்பா துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை. எட்டு வருஷம் பெரியம்மா முறைக்குக் கிணற்றில் தண்ணீர் விடவில்லை.

1986 விழாவுக்குப் பெரியம்மாவைக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைத்தேன். எல்லாரும் ‘ச்சூ’ கொட்டியபோது அவர் சும்மா இருந்தார். முடிந்து வெளியே வந்ததும் கேட்டார்: “அந்தப் புள்ள சொன்னதுல என்ன கண்ணு தப்பு?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்து, கடைசி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.