துக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு எந்த நாவலைக் கொடுக்கலாம்?

அம்மாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த 13 வயதுப் பையனுக்கு நாவல் கேட்டிருக்கிறீர்கள். ஆங்கிலம் வாசிப்பான் என்றால் பேட்ரிக் நெஸ்ஸின் 'எ மான்ஸ்டர் கால்ஸ்' (2011) கொடுங்கள். கதையில் வரும் கானருக்கும் 13 வயது, அம்மாவுக்குத் தீராத நோய். இரவு 12:07க்கு ஒரு மரம் அரக்கனாக எழுந்து வந்து மூன்று கதை சொல்கிறது. நான்காவதை அவன்தான் சொல்ல வேண்டும். 'எப்படியாவது இது முடிந்தால் போதும்' என்று உள்ளுக்குள் நினைத்ததை அங்கேதான் வாய்விட்டுச் சொல்கிறான். நீண்ட நாள் நோயைப் பக்கத்திலிருந்து பார்த்த பிள்ளைகள் யாரிடமும் சொல்லாமல் புதைத்து வைக்கிற குற்ற உணர்வு அது. (கதைக்கருவை உருவாக்கிய ஷிவான் டௌட், எழுதி முடிக்குமுன் 2007இல் மார்பகப் புற்றுநோயால் இறந்துபோனார்.)

திடீர் மரணம் என்றால் இது அவ்வளவு ஒட்டாது. அதற்கு கேத்தரின் பேட்டர்சனின் 'பிரிட்ஜ் டு டெரபித்தியா' (1977). தோழி இறந்த மறுநாள் காலை ஜெஸ் பான்கேக்கை வெளுத்துக்கட்டுகிறான். கல்நெஞ்சம் இல்லை அது, செய்தி இன்னும் மனதில் இறங்கவில்லை.

பெரியவர்கள் சறுக்குவது கொடுக்கும் விதத்தில். காரியம் முடிவதற்குள் புத்தகத்தை நீட்டி, "படிச்சியா, எப்படி இருந்துச்சு?" என்று துளைக்காதீர்கள். முதலில் நீங்கள் படியுங்கள். கானரின் அம்மா பிழைக்கமாட்டாள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முடிவு தெரிந்தால் சுவை கெடும் கதையல்ல இது. பிறகு மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பாதியில் மூடி வைத்தால் காரணம் கேட்க வேண்டாம். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் நாவலை நம்பி உட்காராமல் மனநல ஆலோசகரைப் பாருங்கள்.