பால்கனி ரக்கில் கரும்புள்ளியா? முதலில் ஒரு நூலை உருவிப் பாருங்கள்

கேள்வி: தாம்பரத்தில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். பால்கனிக்கென்று போன வருடம் 6க்கு 4 அடியில் அவுட்டோர் ரக், அதாவது வெளியே போடும் தரைவிரிப்பு ஒன்று வாங்கினேன். மழை முடிந்ததிலிருந்து ஒரே ஈர வாடை, ஓரமெல்லாம் கரும்புள்ளி. வீட்டுக்கு வந்து கழுவித் தருபவர் சதுர அடிக்கு 40 ரூபாய் கேட்கிறார். பூஞ்சை வராமலிருக்க ‘கோட்டிங்’ அடிக்கத் தனியாக 1,500 ரூபாயாம். பக்கத்து வீட்டு அக்கா பிளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் ஆசிடையும் கலந்து ஊற்றச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: அந்தக் கலவையை மட்டும் செய்துவிடாதீர்கள் அம்மா. பிளீச்சிங் பவுடரில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். அது நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். பால்கனி திறந்த இடம்தானே என்று நினைக்க வேண்டாம். குனிந்து தேய்க்கும்போது உங்கள் முகம்தான் அதற்கு மிகப் பக்கத்தில் இருக்கும்.

அடுத்து, ரக் எந்த நூலில் ஆனது என்று தெரிய வேண்டும். ஒரு மூலையில் மேல் நூலில் சின்னத் துண்டு ஒன்றைக் கத்தரித்து எடுங்கள். டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு நூலைப் போட்டு, உள்ளிருக்கும் காற்று போகும்படி விரலால் நன்றாக நசுக்கி விடுங்கள். மேலே வந்து மிதந்தால் அது பாலிபுரொப்பிலீன், தண்ணீரைவிட லேசான பிளாஸ்டிக். சணலும் பருத்தியும் மூழ்கிவிடும்.

இதை டம்ளரில் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதே எனக்கு ஆற்றாமை. 200 ரூபாய் பனியனின் கழுத்தில்கூட எப்படித் துவைப்பது என்று படம் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் ரக்கில் என்ன நூல் என்று ஒரு வரி இருப்பதில்லை. கடைக்காரரைக் கேட்டால் மொத்த வியாபாரியைக் கை காட்டுவார், அவர் தறிக்காரரைக் காட்டுவார். அடுத்த முறை நூலின் பெயரை பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். எழுதிக் கொடுத்து ஏமாற்றினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்ல அந்த பில் கையில் இருக்கும்.

இப்போது அந்தக் கோட்டிங். 24 சதுர அடிக்குக் கழுவும் கூலி 960 ரூபாய், கோட்டிங் அதைவிட அதிகம்! இந்தத் தொழிலில் காசு பார்ப்பது அதில்தான். பாலிபுரொப்பிலீன் பூஞ்சைக்குச் சாப்பாடு இல்லை. மேலே படிந்த தூசி, தொட்டியிலிருந்து வழிந்த மண், கால் எண்ணெய்ப் பிசுக்கு, இவற்றைத் தின்றுதான் அது வளர்கிறது. அதற்கு வேண்டிய ஈரம் ரக்குக்கும் டைல்ஸுக்கும் நடுவில் தேங்கி நிற்கிறது. மேலே எதை அடித்தாலும் அடியில் நிற்கும் தண்ணீர் எங்கே போகும்? அந்த 1,500 ரூபாயைக் கொடுக்காதீர்கள்.

நூல் மிதந்ததா? அப்படியானால் நீங்களே கழுவலாம். காய்ந்த நிலையிலேயே கவிழ்த்துப் போட்டுத் தட்டி மண்ணை உதிருங்கள். ஒரு வாளித் தண்ணீருக்கு இரண்டு ஸ்பூன் பாத்திர சோப்பு போதும். நுரை பொங்கினால்தான் சுத்தம் என்று பவுடரை அள்ளிக் கொட்டுகிறோம்; அலசியும் போகாத சோப்பு பிசுபிசுத்து, ஒரே வாரத்தில் அழுக்கைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். மெத்தென்ற பிரஷ்ஷால் நெசவு போகும் பக்கமாகவே தேய்த்து, நுரை வருவது நிற்கும்வரை அலசுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளை பூக்கும். கார் வாட்டர் சர்வீஸில் கொடுத்தால் குழாயை இரண்டடி தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். கிட்டே பிடித்தால் நூல் பிரியும்.

நூல் மூழ்கியிருந்தால் கதை வேறு. சணல் ரக்கின்மேல் ‘அவுட்டோர்’ என்று சீட்டு ஒட்டி விற்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சணல் தண்ணீரை உறிஞ்சி ஊதும். காயும்போது உள்ளிருக்கும் பழுப்பு மேலே வந்து டீக்கறை மாதிரி நிற்கும். ஆகவே வாளித் தண்ணீர் கூடாது, வாட்டர் சர்வீஸ் கூடாது, ஸ்டீமும் கூடாது. வெயிலில் காயவைத்துத் தட்டி, வேக்குவம் போட்டு, நன்றாகப் பிழிந்த துணியால் புள்ளி உள்ள இடத்தை மட்டும் ஒற்றி எடுங்கள். மேலே பிளாஸ்டிக் நூலும் அடியில் சணலும் வைத்து நெய்தவையும் உண்டு. அவற்றில் மேல் நூல் மிதக்கும், அதை நம்பிக் கழுவினால் அடிப்பக்கம் மக்கும். அதனால் அடி நூலையும் தனியாகப் போட்டுப் பார்த்துவிடுங்கள். சணல் என்று தெரிந்தால் பால்கனியில் போடாமல் வீட்டுக்குள் கொண்டுபோய் விடுங்கள். அங்கே அது பல வருடம் உழைக்கும்.

கழுவிய ரக்கை டைல்ஸ்மேல் விரித்துக் காயவைக்காதீர்கள். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிமேல் போட்டு அடியிலும் காற்று போக விடுங்கள், பாதி நாளில் திருப்பிப் போடுங்கள். உங்கள் ரக்கில் புள்ளி ஓரத்தில் மட்டும் வந்ததற்குக் காரணம் அந்தத் தைத்த பட்டை. ரக் பிளாஸ்டிக்காக இருந்தாலும் பட்டை பருத்தியாக இருக்கலாம், ஈரம் அங்கே ஒளிந்துகொள்ளும். மேல்பக்கம் மொறமொறவென்று காய்ந்த பிறகும் பட்டையை இரண்டு விரலால் நசுக்கிப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஒரு நாள் வெயிலில் கிடக்கட்டும்.