பாலிமர் க்ளே வேலைக்கு மெட்டாலிக் பவுடர் நல்லதா, மைக்கா பவுடர் நல்லதா? எதைப் பார்த்து வாங்குவது?

சுட்டால் கெட்டியாகும் பிளாஸ்டிக் களிமண்ணான பாலிமர் க்ளேயில் கம்மல், பதக்கம் செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறேன், மேலே பூச மெட்டாலிக் வாங்குவதா மைக்கா வாங்குவதா, எத்தனை நிறம் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். மைக்கா வாங்குங்கள். முதலில் நான்கு டப்பா போதும். கூடவே ஒரு கட்டி கறுப்பு க்ளே கட்டாயம் வேண்டும். டப்பாவில் தெரிவது பவுடரின் பாதி நிறம்தான். மீதியை அது உட்காரும் க்ளேதான் தீர்மானிக்கிறது. எனக்கு இது புரிய நாளானது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் வருடம் நான் வாங்கியது ‘கோல்ட்’ என்று மட்டும் எழுதியிருந்த ஒரு டப்பா. விரலால் தொட்டுத் தேய்த்ததும் க்ளே பொன்னாகிவிட்டது. அப்படி ஒரு பொலிவை அதுவரை நான் என் கையால் கொண்டுவந்ததில்லை. ஆசை ஆசையாக ஒரு ஜோடி இலைக் கம்மல் செய்து அக்காவுக்குக் கொடுத்தேன். நாலைந்து மாதம் கழித்து அக்கா அதைக் கொண்டுவந்து காட்டினாள். ஓரமெல்லாம் பழுப்பு, கொக்கி மாட்டும் துளையைச் சுற்றிப் பச்சை. “பித்தளைப் பாத்திரம் மாதிரி களிம்பேறிப் போச்சு பாரு” என்றாள். வார்னிஷ் சரியில்லை என்று நினைத்து, அதே பவுடரில் இன்னொரு ஜோடி செய்து கொடுத்தேன். அதற்கும் அதே கதி. அக்கா சொன்னதுதான் காரணம் என்பது பிறகுதான் விளங்கியது. நான் பூசியது பித்தளையையேதான்.

மெட்டாலிக் பவுடர் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கிறார்கள். ஒன்று நிஜ உலோகத் தூள். பொன்னிறத்துக்குச் செம்பும் துத்தநாகமும் கலந்த தூள். வெண்கலத் தூள் (bronze powder) என்று பெயர் இருந்தாலும் கலவையைப் பார்த்தால் அது பித்தளைதான். வெள்ளி நிறத்துக்கு அலுமினியம், செம்பு நிறத்துக்குச் செம்பே. இன்னொன்று மைக்கா. தமிழில் அதற்குக் காக்காப்பொன் என்று அழகான பழைய பெயர் உண்டு. ஏடு ஏடாக உரியும் கனிமம் அது. அதை மெல்லிய செதில்களாக நுணுக்கி, ஒவ்வொரு செதில் மேலும் டைட்டானியம் டையாக்சைடோ இரும்பு ஆக்சைடோ படியவைத்தால் நாம் வாங்கும் பவுடர் வந்துவிடும். இந்த ஆக்சைடுகள் காற்றோடும் வியர்வையோடும் மேற்கொண்டு சேர்ந்து நிறம் மாறுவதில்லை. அதனால்தான் மைக்கா களிம்பேறாது.

டப்பாவில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க நல்ல வழி, பின்பக்கம் பொருள் பட்டியல் இருந்தால் அதைப் படிப்பது. அழகுசாதனத் தரத்தில் வரும் பவுடர்களில் நிறமி எண்கள் இருக்கும். சி.ஐ. 77019 என்றால் மைக்கா, 77891 டைட்டானியம் டையாக்சைடு, 77491 சிவப்பு இரும்பு ஆக்சைடு. இவை மட்டும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 77400 செம்பு அல்லது வெண்கலத் தூள், 77000 அலுமினியம். இன்னொரு எண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள்: 75470. அது கார்மைன், பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம். பளீரென்று இருக்கும், ஆனால் வெளிச்சத்தில் வெளுக்கும். ஜன்னலோரம் தொங்கவிடும் பொருளுக்கு அந்தச் சிவப்பும் இளஞ்சிவப்பும் ஆகாது.

பட்டியலே இல்லாத டப்பா என்றால் எடை காட்டிக்கொடுக்கும். செம்புக் கலவைத் தூளின் அடர்த்தி மைக்காவைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஒரே அளவு டப்பாக்களை இரண்டு கையிலும் எடுத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். அலுமினியத்துக்கு இது உதவாது, அதன் அடர்த்தியும் மைக்காவின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்றுதான். பொன், செம்பு நிறங்களில் சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு சிட்டிகை பவுடரை வினிகரிலும் உப்பிலும் போட்டு ஓரிரு நாள் திறந்து வையுங்கள். திரவம் நீலப்பச்சையானால் உள்ளே செம்பு இருக்கிறது. மைக்கா அப்படியே கிடக்கும்.

இதனால் உலோகத் தூளே கூடாது என்று சொல்ல மாட்டேன். அது அடியில் இருப்பதை முழுக்க மூடிவிடும், உலோகத்துக்கே உரிய கனமான பளபளப்பு தரும். மைக்காவில் அந்த கனம் வராது, அது முத்தின் பளபளப்பு. என்னிடம் இப்போதும் ஒரு டப்பா செம்புத் தூள் இருக்கிறது. பழைய பூட்டு, சாவி போன்ற உருவங்கள் செய்யும்போது களிம்பு ஏற ஏறத்தான் அழகு கூடுகிறது. தோலில் படும் நகைக்கு மட்டும் அதைத் தொடுவதில்லை.

சரி, இப்போது அடிநிறம். மைக்கா செதில் கண்ணாடித் தாள் போல ஒளியைக் கொஞ்சம் திருப்பி அனுப்பும், மீதியை உள்ளே விடும். உள்ளே போன ஒளியை என்ன செய்வது என்பது க்ளேயின் பொறுப்பு. கறுப்பு க்ளே அதை விழுங்கிவிடும், அதனால் பவுடரின் மினுமினுப்பு மட்டும் கண்ணுக்கு வரும். வெள்ளை க்ளே அதை அப்படியே திருப்பி அனுப்பும், மினுமினுப்பு அந்த வெளிச்சத்தில் கரைந்துபோகும். ஒரே பொன்னிற மைக்காவைக் கறுப்பு, வெள்ளை, செங்கல் சிவப்பு என்று மூன்று துண்டுகளில் தேய்த்துப் பாருங்கள். கறுப்பில் பழைய பொன், வெள்ளையில் வெறும் இளமஞ்சள் பட்டு, சிவப்பில் காய்ச்சிய பொன் போல ஒரு சூடான நிறம். மூன்றும் ஒரே டப்பாதான் என்று பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள். சோதனைத் துண்டு செய்யாமல் நான் எந்த நகையிலும் புது நிறத்தைப் பூசுவதில்லை. பொத்தான் அளவு வட்டங்களாகச் செய்து, சுட்டு, பின்னால் பெயர் எழுதிக் கம்பியில் கோத்து வைத்திருக்கிறேன். கடையில் காட்டும் நிற அட்டையைவிட அதைத்தான் நம்புகிறேன்.

அடிநிறம் எவ்வளவு முக்கியம் என்பதை இன்டர்ஃபெரன்ஸ் வகைப் பவுடர்கள் நன்றாகக் காட்டும். டப்பாவில் எல்லாமே வெள்ளைப் பவுடர் போலத்தான் தெரியும், ஆனால் ஒன்றின் பெயர் நீலம், ஒன்றின் பெயர் பச்சை. வெள்ளை க்ளேயில் தேய்த்தால் ஒன்றுமே தெரியாது. ஏமாந்துவிட்டோம் என்று தோன்றும். கறுப்பில் தேய்த்தால் மயில் கழுத்து! அந்த நிறத்துக்குச் சாயம் எதுவும் காரணமில்லை. செதிலின் மேல் படிந்த டைட்டானியம் டையாக்சைடு சுமார் 50 நானோமீட்டர் தடிப்பில் இருந்தால் வெள்ளி போலத் தெரியும். தடிப்பு கூடக் கூட அது பொன், சிவப்பு, நீலம், பச்சை என்று மாறும். சோப்புக் குமிழியில் நிறம் ஓடுகிறதே, அதே வேலைதான் இங்கும் நடக்கிறது. சாயமே இல்லாததால் இந்த நிறங்கள் வெளுக்கவும் வெளுக்காது.

அடுத்தது துகளின் அளவு. வாங்குபவர்கள் பெரும்பாலும் இதைக் கேட்பதே இல்லை. 10 மைக்ரானை ஒட்டிய நுண்துகள் பட்டு போல மங்கலாக மின்னும், நன்றாக மூடும், நுணுக்கமான அச்சின் கோடுகள் அப்படியே தெரியும். 10 முதல் 60 வரை உள்ளது நடுத்தரம், முத்துப் பளபளப்பு. 100 மைக்ரானைத் தாண்டினால் ஒவ்வொரு துகளும் தனித்தனியாக மின்னும், ஆனால் இடையில் க்ளே தெரியும். இலை நரம்பு, பூ இதழ், முகம் போன்ற வேலைக்கு நுண்துகளோ நடுத்தரமோ எடுங்கள். பெரிய துகள், கோடுகளின் மேல் மணல் தூவியது போல உட்கார்ந்து வேலையைக் கெடுத்துவிடும். அதைத் தெளிவான, ஒளி ஊடுருவும் க்ளேக்குள் கலக்க வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அது இரவு வானம் போல அழகாக இருக்கும்.

பூசுவது சுலபம். சுடாத க்ளேயில் இயல்பாகவே ஒரு பிசுபிசுப்பு உண்டு, பவுடர் அதில் ஒட்டிக்கொள்ளும். விரல் நுனியாலோ மென்மையான பிரஷாலோ கொஞ்சமாக எடுத்துத் தேய்த்தால் போதும். அச்சு பதித்த க்ளேயில் விரலால் தேய்த்தால் மேடுகள் மட்டும் நிறமேறி, பள்ளங்கள் கறுப்பாகவே நிற்கும். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். சுட்ட பிறகு தேய்த்தால் ஒட்டாது, அப்போது வார்னிஷில் குழைத்துத்தான் பூச முடியும். பேர்ல் எக்ஸ் போன்ற பிராண்டு பவுடர்களில் பசை இல்லை. பெர்ஃபெக்ட் பேர்ல்ஸ் என்ற பிராண்டில் தண்ணீர் பட்டால் ஒட்டும் பசை கலந்தே வரும். அப்புறம், இரண்டு துண்டுகள் சேர வேண்டிய இடத்தில் பவுடர் படக் கூடாது. அச்சில் க்ளே ஒட்டாமலிருக்க மைக்கா தூவுகிறோம் அல்லவா, அதே குணத்தால் இங்கேயும் இரண்டு துண்டுகளைச் சேரவிடாது, சுட்ட பிறகு கழன்று வரும். முதலில் ஒட்டுங்கள், பிறகு பூசுங்கள்.

க்ளேக்குள் கலப்பதாக இருந்தால் தெளிவான க்ளேயில் கலக்குங்கள். நிறமுள்ள க்ளேயில் செதில்கள் உள்ளே புதைந்து, போட்ட பவுடர் வீண். சிட்டிகை சிட்டிகையாகச் சேருங்கள், அதிகமானால் க்ளே உதிரும், சுட்ட பின் எளிதில் உடையும். மைக்கா கலந்தே வரும் பொன், முத்து நிற க்ளே கட்டிகளும் உண்டு, பிரீமோ என்ற க்ளே பிராண்டில் கிடைக்கிறது. அதைத் திரும்பத் திரும்ப ஒரே திசையில் உருட்டித் தேய்த்தால் செதில்கள் எல்லாம் ஒரே பக்கம் படுத்துவிடும். பிறகு அச்சு பதித்து, மேடுகளை மெல்லிய பிளேடால் சீவி எடுத்தால் தட்டையான பரப்பிலேயே உருவம் மேடுபள்ளமாகத் தெரியும். தொட்டால் வழவழப்பு, பார்த்தால் ஆழம். மைக்கா ஷிஃப்ட் என்பார்கள். பவுடர் பழகியதும் இதை அவசியம் செய்து பாருங்கள்.

சுடும் சூடு க்ளேயின் பிராண்டைப் பொறுத்து 110 முதல் 150 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும், உறையில் போட்டிருப்பதைப் பின்பற்றுங்கள். மைக்காவுக்கு அந்தச் சூடு ஒன்றுமே இல்லை. மலிவான மினுமினுப்புத் தூள்களில் சில பிளாஸ்டிக், அவை சுருங்கலாம், ஒரு துண்டில் சோதித்துவிடுங்கள். கண்ணிமைக்குப் பூசும் ஷேடோவைப் பொடித்துப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். நிறம் வரும், ஆனால் அதில் எண்ணெயும் டால்க்கும் சேர்ந்திருப்பதால் பொலிவு குறைவு.

மேலே பூசிய பவுடர் தேய்ந்து போகாமலிருக்க வார்னிஷ் வேண்டும். சுட்டு ஆறியதும் மென்மையான பிரஷும் சோப்புத் தண்ணீரும் கொண்டு ஒட்டாத பவுடரைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் அல்லது பாலியூரித்தேன் வார்னிஷை மெல்லிசாக இரண்டு தடவை பூசுங்கள். முதல் பூச்சில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்த்தால் பவுடர் பிரஷோடு வந்துவிடும். நகப்பூச்சும் ஸ்ப்ரே வார்னிஷும் வேண்டாம். அவற்றின் கரைப்பான், க்ளேயை மென்மையாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைசரோடு சேர்ந்து, வாரங்கள் கழித்தும் பிசுபிசுக்க வைக்கும். துளையின் உட்பக்கத்தையும் ஓரங்களையும் மறக்காதீர்கள். அக்காவின் கம்மலில் பச்சை ஆரம்பித்தது நான் வார்னிஷ் தொடாமல் விட்ட அந்தத் துளையில்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்களிடம் கண்டிப்பாகப் பேச வேண்டும். மைக்கா விஷமில்லை என்று டப்பாவில் போட்டிருப்பது சரிதான், ஆனால் இவ்வளவு நுண்ணிய தூள் எதுவுமே நுரையீரலுக்குள் போகக் கூடாது. ஃபேனை நிறுத்துங்கள், N95 முகக்கவசம் போடுங்கள், மிச்சப் பவுடரை வாயால் ஊதாதீர்கள், மேசையை ஈரத் துணியால் துடையுங்கள். குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் டப்பாவைத் திறக்காதீர்கள். அலுமினியத் தூள் காற்றில் பறந்தால் தீப்பிடிக்கக்கூடியது, எரியும் சுடர் இருக்கும் இடத்தில் அது கூடவே கூடாது.

எந்த நான்கு டப்பா என்று கேட்டால்: இரும்பு ஆக்சைடு பூசிய செம்பு நிறம், கொஞ்சம் அடர்ந்த பொன், முத்து வெள்ளை, இன்டர்ஃபெரன்ஸ் நீலம். எல்லாம் நடுத்தரத் துகளில். இரண்டு டப்பாவைச் சேர்த்தும் பார்க்கலாம், கறுப்பு க்ளேயில் இன்டர்ஃபெரன்ஸ் நீலத்தின் மேல் லேசாகப் பொன்னைத் தொட்டு ஓட்டிப் பாருங்கள். அக்காவுக்கு மூன்றாவதாக நான் செய்து கொடுத்த கம்மல் அந்த நிறத்தில்தான். அதே இலை வடிவம், அடியில் கறுப்பு. இரண்டு வருடமாகிறது, இன்னும் அதைப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.