மொத்தம் 198 என்றால் நிம்மதியா?

கேள்வி: வயது 46. சர்க்கரை, பிரஷர் இல்லை. ரிப்போர்ட்டில் மொத்த கொலஸ்ட்ரால் 198. பக்கத்திலேயே 'நார்மல்' என்று போட்டிருக்கிறது. ஹெச்.டி.எல். 32, ட்ரைகிளிசரைடு 260, எல்.டி.எல். 114. அப்பாவுக்கு 52 வயதில் ஹார்ட் அட்டாக். நார்மல் என்றால் டாக்டர் எதற்கு மாத்திரை எழுதுகிறார்?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: மொத்தத்தை மறந்துவிடுங்கள். அது நல்லதையும் கெட்டதையும் ஒரே பையில் போட்டு எடைபோடுகிற கணக்கு. உங்களுக்கு நல்ல கொலஸ்ட்ராலான ஹெச்.டி.எல். குறைவு (ஆண்களுக்கு 40-க்குக் கீழே, பெண்களுக்கு 50-க்குக் கீழே போகக் கூடாது). அதனால்தான் கூட்டுத்தொகை 200-ஐத் தொடவில்லை.

ஒரு கழித்தல் போட்டுப் பாருங்கள்: 198 − 32 = 166. ரத்தக்குழாயில் படியக்கூடியது அத்தனையும் இதற்குள் அடக்கம். இது 130-க்குள் இருப்பது நல்லது. கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல். 114-ஐ அவ்வளவு நம்ப வேண்டாம். பல லேப்களில் அதை நேராக அளப்பதில்லை; மொத்தத்தில் ஹெச்.டி.எல்.லையும் ட்ரைகிளிசரைடில் (ரத்தத்தில் சுற்றும் இன்னொரு கொழுப்பு) ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். 198 − 32 − 52 = 114, உங்களுக்கும் அதே கணக்குதான்! ட்ரைகிளிசரைடு ஏற ஏற இது எல்.டி.எல்.லைக் குறைத்துக் காட்டும். 400-ஐத் தாண்டினால் செல்லவே செல்லாது.

260-க்கு எண்ணெயை மட்டும் திட்டாதீர்கள். மூன்று வேளையும் அரிசி, மைதா, சர்க்கரை போட்ட டீ, மது... இவைதான் ட்ரைகிளிசரைடை ஏற்றுகின்றன. டி.எஸ்.ஹெச்., ஹெச்.பி.ஏ.1.சி. இரண்டையும் பார்த்துவிடுங்கள், தைராய்டு மந்தமும் மறைந்திருக்கும் சர்க்கரையும் இதே போலக் காட்டும்.

அப்பாவுக்கு 55-க்கு முன்பே வந்திருப்பதால் உங்கள் ஆபத்து கூடுதல். 'லிப்போபுரோட்டீன் ஏ' (எல்.டி.எல். போன்ற இன்னொரு கொழுப்புத் துகள்) டெஸ்ட்டை ஒரே ஒருமுறை எடுத்தால் போதும். பரம்பரையாக வருவது, பத்தியத்தால் இறங்காது. டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் என்றால் அதிகம். டாக்டர் மாத்திரை எழுதியதில் தவறில்லை.

கேள்வி: மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டதில் எல்.டி.எல். 150-லிருந்து 82 ஆகிவிட்டது. நிறுத்தலாமா? தொடையும் வலிக்கிறது.
- வாசகி, கடலூர்

பதில்: 82-க்குக் காரணமே மாத்திரைதான். விட்டால் சில வாரங்களில் பழையபடி ஏறிவிடும். இரண்டு தொடையிலும் வலி என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், தசை பாதிப்பைக் காட்டும் சி.கே. டெஸ்ட் எடுத்துப் பார்த்து அளவைக் குறைப்பார், அல்லது வேறு ஸ்டாட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை வகை) மாற்றுவார். அளவைப் பாதியாக்கினால் பலனும் பாதியாகாது, எல்.டி.எல். இறங்கும் சதவீதத்தில் சுமார் 6 புள்ளிதான் குறையும். சிறுநீர் கறுத்து வந்தால் மட்டும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.